மூடிக்குக் கீழே ஒரு விரல்

பர்ட்டன் பியர் ஆலை, மூன்றாம் லைன், இரவு ஷிஃப்ட்.
பன்னிரண்டு தாண்டினால் டாம்சின் டனிக்ளிஃப்
சரக்கு லேபிள் ஒன்றின் முதுகில்
ஒரு சொல் எழுதி
என் ஃபோர்க்லிஃப்ட் கண்ணாடியில் ஒட்டுவாள்.

முதல் சொல் எனக்கு வசவாகத்தான் விழுந்தது.
அவள் சீஸ் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள்,
நான் எதிர் பெஞ்சில்.
'குரோக்' என்றாள், என் முகத்தைப் பார்த்து.
லித்துவேனியாவில் எங்கள் ஊர்த் தவளைகூட
இதைவிட மரியாதையாகக் கத்தும்.
அகராதியைத் திருப்பிக் காட்டினாள்:
பிறர் உண்பதை, ஒரு வாய் கிடைக்குமா என்று
வாய் திறவாமல் பார்த்திருத்தல்.
காட்டிவிட்டுப் பாதியைப் பிய்த்து நீட்டினாள்.
ஐம்பத்திரண்டு வயதில்
கையும் களவுமாகப் பிடிபட்டு
இனிப்பு ஊறுகாயோடு விழுங்கினேன்
அந்த வினைச்சொல்லை.

அப்படித்தான் என் ஆங்கிலம்
கூரையிலிருந்து கட்டப்பட்டது.
அடமானத்துக்கோ வாடகை முன்பணத்துக்கோ
என்னிடம் சொல் கிடையாது;
கால்வாய்க் கரையில் வெட்டியாக நின்று
படகு பார்க்கிறவனுக்கு உண்டு: காங்கூஸ்லர்.
கிளினிக்கில் நர்ஸ் 'எங்கே வலி' என்றபோது
நெற்றி என்று சொல்லத் தெரியாமல்
'கிளபெல்லா' என்றேன்.
இரு புருவத்துக்கும் நடுவே, பொட்டளவு இடம்.
கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு
'நீங்கள் டாக்டரா' என்றாள்.

மேற்பார்வையாளர் கிராடக்
கிளிப்போர்டும் கையுமாக
அதே தூணை மூன்றாம் முறை சுற்றும்போது
'ஃபட்ஜல்!' என்பேன் உரக்க.
வேலை செய்வதாகப் பாவனை பண்ணுதல்.
லித்துவேனிய வணக்கம் போலும் என்றெண்ணி
அவரும் கை தூக்கி 'ஃபட்ஜல்' என்பார்.
டாம்சின் மூடிப் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து
சிரித்துச் சிரித்து இருமுவாள்.

ஊத்கேயரெ என்று ஒன்று.
விடியுமுன் படுத்துக்கிடந்து கவலைப்படுவது.
ஆயிரம் வருடப் பழசு, ஆளில்லாத சொல்.
எங்களுக்கோ விடியுமுன் படுக்கவே வாய்ப்பில்லை;
கவலையைப் பகல் பதினொன்றுக்கு
மாற்றி வைத்துக்கொண்டோம்.

ஏன் சேர்க்கிறாய் என்று நான் கேட்டதில்லை.
அவள் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒரு கடிதம்,
டார்பியில் ஏதோ அலுவலகம்.
'சொல்வளம் போதாது' என்ற வரிக்கு மட்டும்
மஞ்சள் மை.

அக்டோபரில் மறுபடி போனாள்,
முந்நூற்றுப் பதினொரு சொற்களும் ஓர் இரவல் கோட்டுமாக.
திரும்பி வந்து கையுறை மாட்டினாள்.
'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்னாங்க, வீதாஸ்.
அதுக்கு ஒண்ணும் வரலை.
புட்டி நிரப்பறேன்னேன்.'
பெல்ட் ஓடத் தொடங்கியது.
அன்று என் கண்ணாடியில் எதுவும் இல்லை.

மூன்று மணிக்குச் சோதனைப் படிவம்.
தேதி, தொகுதி எண், வெப்பம்,
அல்லிஜ்.
ஒன்பது ஆண்டாக அந்தக் கட்டத்தில்
எண் போட்டு வருகிறோம், அவளும் நானும்,
மில்லிமீட்டரில்.
சொல்லை ஏறிட்டுப் பார்த்ததில்லை.
தினம் ஏறும் படிகளை
யார் எண்ணியிருக்கிறார்கள்?
'இது என்ன?' என்றேன்.
தோளைக் குலுக்கினாள்.
பிறகு அகராதியை எடுத்தாள்.

மூடிக்கும் பானத்துக்கும் நடுவே
நிரம்பாமல் நிற்பது.
ஒரு கலம் தன் முழுமைக்கு
எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு.

புட்டியொன்றை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
நிறைகுடம் தளும்பாதாம்; இருக்கட்டும்.
நிறைபுட்டி சூட்டில் வெடிக்கும்.
கழுத்தில் ஒரு விரல் வெளி விட்டால்தான்
லாரி ஏறி, குலுங்கி, ஊர் போய்ச் சேரும்.
அவள் நெடுநேரம் பார்த்தாள்.
கட்டத்தில் நாற்பத்தொன்று என்று எழுதினாள்.

மறுநாள் என் பெஞ்சில் ஒரு டப்பா.
உள்ளே அரை சாண்ட்விச், ஓரம் நறுக்கியது.
மேலே லேபிள், அவள் கையெழுத்தில்: அல்லிஜ்.
தவறான பயன்பாடு.
எந்த அகராதியும் ஒப்பாது.
சாப்பிட்டேன்.
எதிர் பெஞ்சிலிருந்து கிராடக்
குரோக்கிக்கொண்டிருந்தார்.